மரண தண்டனையும் திருச்சபையின் சாட்சியும்: காஞ்சிபுரம் எழுப்பும் வினா

மரண தண்டனை வேண்டுமா, வேண்டாவா என்னும் விவாதம் நம் நாட்டில் பெரும்பாலும் நீதிமன்றங்களிலும் சட்ட நூல்களிலுமே நடைபெற்று வந்துள்ளது. 2011-ஆம் ஆண்டு அது காஞ்சிபுரம் நகரின் வீதிக்கு வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள், செங்கொடி என்னும் இளம்பெண் காஞ்சிபுரம் வட்டாட்சியர் அலுவலகத்தின் முன் தம்மைத் தீக்கு இரையாக்கிக்கொண்டு உயிர் துறந்தார். அந்நகரிலுள்ள மக்கள் மன்றம் என்னும் அமைப்பைச் சார்ந்து வாழ்ந்தவர் அவர். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளன், சாந்தன், முருகன் ஆகிய மூவரையும் செப்டம்பர் 9 அன்று வேலூர்ச் சிறையில் தூக்கிலிட நாள் குறிக்கப்பட்டிருந்தது. அம்மூவரின் உயிரைக் காக்கத் தம் உடல் பயன்பட வேண்டும் என்பதே அவர் விட்டுச் சென்ற செய்தியின் பொருள்.

கோயில்களாலும் பட்டுத் தறிகளாலும் பெயர் பெற்ற காஞ்சிக்குச் சமயங்களின் வாதம் புதிதன்று. சைவமும் வைணவமும் சமணமும் பௌத்தமும் அங்கே அறம் இன்னதென வழக்காடியுள்ளன. பின்னர் வந்த கிறிஸ்தவமும் ஸ்காட்லாந்து அருட்பணியாளர் வழியே அங்குப் பள்ளியும் சபையும் கண்டது. ஆயினும் ஓர் உயிரைப் பறிக்க அரசுக்கு உரிமை உண்டா என்னும் வினா 2011-இல் எழுந்தபோது, நம் சபைகளின் குரல் தெளிவாகக் கேட்டது என்று கூற இயலாது. கூறத் தயங்கியதற்குக் காரணமும் உண்டு. திருமறையை இரு பக்கத்தாரும் எடுத்துக் காட்டுகின்றனர். சபையாரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

அவ்வினாவை ஒழுங்காக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். முதலில் வழக்கின் போக்கையும் சட்டத்தின் நிலையையும் காண்போம். பின்னர்த் திருமறையையும் திருச்சபை மரபையும் நோக்குவோம். இறுதியில் நம் கடமை யாது எனக் கேட்போம். மரண தண்டனையைக் கிறிஸ்தவர் ஏற்க இயலாது என்பதே நாம் வந்தடையும் முடிவு. ஆனால் நமக்கு வேண்டியவர்களுக்காக மட்டும் அம்முடிவைக் கூறுவோமாயின், அது நற்செய்தியிலிருந்து பிறந்த முடிவாகாது என்பதையும் சேர்த்தே வலியுறுத்த விரும்புகிறோம்.

1. வழக்கின் போக்கு

காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள ஸ்ரீபெரும்புதூர், இராமாநுசர் பிறந்த ஊர். 1991 மே 21 இரவு அங்கே தேர்தல் கூட்டத்திற்கு வந்த முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி, உடலில் வெடிகுண்டைக் கட்டி வந்த ஒரு பெண்ணால் கொல்லப்பட்டார். அவரோடு காவலர்களும் கட்சித் தொண்டர்களும் பொதுமக்களும் மாண்டனர். இந்தக் கொடுமையை மறைத்தோ குறைத்தோ மரண தண்டனையைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

பூந்தமல்லியில் அமைந்த தனி நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று, குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. தடா சட்டப்படி நடந்த வழக்காதலால், காவல்துறை அதிகாரியிடம் அளித்த வாக்குமூலங்களும் சான்றாக ஏற்கப்பட்டன. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 1999 மே 11 அன்று தீர்ப்பளித்தது. தடா சட்டத்தின் கீழான குற்றங்கள் மெய்ப்பிக்கப்படவில்லை எனக் கூறிய அந்நீதிமன்றம், 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. மூவரின் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகிய நால்வரின் மரண தண்டனையை உறுதி செய்தது. நளினிக்கு மரண தண்டனை வேண்டா என்று நீதிபதி கே. டி. தாமஸ் மட்டும் மாறுபட்ட கருத்துரைத்தார்.

நளினியின் தண்டனை 2000 ஏப்ரலில் ஆளுநரால் ஆயுள் தண்டனையாக மாற்றப்பட்டது. ஏனைய மூவரும் அதே ஆண்டில் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிய கருணை மனுக்கள் 11 ஆண்டுகளுக்கு மேல் முடிவு காணாமல் கிடந்து, 2011 ஆகஸ்டில் மறுக்கப்பட்டன. செங்கொடி இறந்த இரண்டு நாட்களுக்குப் பின், ஆகஸ்டு 30 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் தூக்கு நிறைவேற்றத்தை 8 வாரங்களுக்கு நிறுத்தி வைத்தது. அன்றே தமிழகச் சட்டமன்றமும் தண்டனையைக் குறைக்கும்படி குடியரசுத் தலைவரைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. 2014 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம், கருணை மனுக்களின்மீது நேர்ந்த நெடிய காலத்தாழ்வைக் காரணங்காட்டி மூவரின் தண்டனையையும் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2022 மே 18 அன்று பேரறிவாளனும், நவம்பர் 11 அன்று எஞ்சிய அறுவரும் விடுதலை பெற்றனர்.

இவ்வெண்களைச் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். முதல் நீதிமன்றத்தில் 26 பேர் தூக்கிற்கு உரியவர்கள், அடுத்த நீதிமன்றத்தில் 4 பேர், இறுதியில் ஒருவருமில்லை. அனைவரும் ஒரே சான்றுகளைக் கண்ட நீதிபதிகளே. மேலும், பேரறிவாளன் கைதானபோது அவருக்கு வயது 19. வெடிகுண்டிற்குப் பயன்பட்ட இரு மின்கலங்களை வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மேல் சாட்டப்பட்ட குற்றங்களுள் தலையானது. அவை எதற்கென்று தமக்குத் தெரியாது என அவர் கூறியதை வாக்குமூலத்தில் தாம் சேர்க்கவில்லை என்று, அதனைப் பதிவு செய்த அதிகாரியே ஓய்வுபெற்ற பின் 2013-இல் வெளிப்படையாகக் கூறினார். 2011 செப்டம்பர் 9 அன்று தூக்கு நிறைவேறியிருக்குமாயின், இக்கூற்று ஒரு கல்லறையின் முன்னரே ஒலித்திருக்கும்.

2. சட்டத்தின் நிலை

ஆங்கிலேயர் காலத்துக் குற்றவியல் நடைமுறையில், கொலைக்கு மரண தண்டனையே பொதுவிதி. அதனை விதிக்காத நீதிபதி காரணம் கூற வேண்டியிருந்தது. 1955-இல் இவ்விதி நீக்கப்பட்டது. 1973-ஆம் ஆண்டுச் சட்டம் நிலைமையைத் தலைகீழாக்கியது: ஆயுள் தண்டனை பொதுவிதியாகவும், மரண தண்டனைக்குச் சிறப்புக் காரணம் கூறல் கட்டாயமாகவும் ஆயின. 1980-இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் மரண தண்டனை அரசியலமைப்புக்கு மாறானதன்று என்று கூறினும், அரிதினும் அரிதான வழக்குகளிலேயே அதனை விதிக்கலாம் என வரம்பிட்டது. ஐவருள் ஒருவரான நீதிபதி பகவதி அதனை ஏற்கவில்லை. எவ்வழக்கு அரிதானது என்பது நீதிபதியின் மனப்பாங்கைப் பொறுத்ததாகிவிடும் என்பது அவர் அச்சம்.

அரசியல் நிர்ணய சபையிலேயே இவ்வினா எழுந்ததுண்டு. 1949 ஜூன் 3 அன்று அங்குப் பேசிய அம்பேத்கர், மரண தண்டனையை ஒழிப்பதையே தாம் விரும்புவதாகக் கூறி, அகிம்சையை அறநெறியாக ஏற்கும் நாட்டிற்கு அதுவே பொருந்தும் எனக் கருதினார். 1967-இல் தண்டனையை நீட்டிக்கப் பரிந்துரைத்த சட்ட ஆணையம், 2015-இல் அளித்த 262-ஆம் அறிக்கையில், பயங்கரவாதமும் நாட்டின்மீது போர் தொடுத்தலும் தவிர்ந்த ஏனைய குற்றங்களுக்கு அதனை ஒழிக்கலாம் என்றது. எனினும் 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் மரண தண்டனை இடம்பெற்றே இருக்கிறது. தமிழ்நாட்டில் 1995-இல் சேலம் சிறையில் ஆட்டோ சங்கர் தூக்கிலிடப்பட்டார். நாட்டில் 2020 மார்ச் 20 அன்று தில்லியில் நால்வர் ஒரே வேளையில் தூக்கிலிடப்பட்டனர்.

3. திருமறை கூறுவது என்ன?

மரண தண்டனையை ஆதரிப்போர் முதலில் எடுத்துக் காட்டுவது ஆதியாகமம் 9:6. மனிதன் தேவசாயலாகப் படைக்கப்பட்டவன். ஆதலின் அவன் இரத்தத்தைச் சிந்துகிறவனின் இரத்தமும் மனிதனால் சிந்தப்படும் என்பது அப்பகுதியின் கருத்து. இதனை எளிதாகத் தள்ளிவிடலாகாது. கொலையுண்டவனின் உயிர் எத்துணை விலையேறப்பெற்றது என்பதை இவ்வசனம் உரக்கக் கூறுகிறது. ஆயின் அதே காரணம் மறுபக்கமும் கூர்மையுடையது. கொலைசெய்தவனும் தேவசாயலை இழந்துவிட்டான் என்று திருமறை எங்கும் கூறவில்லை.

இதற்கு முன்னரே வரும் காயீனின் வரலாறு கருதத்தக்கது. உலகின் முதற் கொலையை விசாரித்தவர் கடவுளே. சாட்சியிலும் தீர்ப்பிலும் பிழை நேர இடமில்லை. ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கூப்பிடுவதை அவர் கேட்டார். காயீனைத் தண்டியாமல் விடவுமில்லை. ஆனால் அவனைக் கொல்வாரில்லாதபடி அவன்மேல் ஓர் அடையாளத்தை வைத்தார் (ஆதி. 4:15). குற்றமற்ற நீதிபதி ஒருவரே தீர்ப்பளித்த வழக்கில் மரண தண்டனை விதிக்கப்படவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

மோசேயின் சட்டத்தில் பல குற்றங்களுக்கு மரண தண்டனை உண்டு. கொலை மட்டுமன்றி, பெற்றோரைச் சபித்தலும் ஓய்வுநாளை மீறுதலும் அப்பட்டியலில் உள்ளன. இவற்றை இன்றும் நிறைவேற்ற வேண்டுமெனச் சபையில் எவரும் கேட்பதில்லை. அச்சட்டமே கடும் வேலிகளையும் இட்டுள்ளது. ஒரே சாட்சியின் சொல்லால் எவரையும் கொல்லலாகாது (எண். 35:30). சாட்சி சொன்னவர்களின் கையே முதலில் ஓங்க வேண்டும் (உபா. 17:7), பொய் கூறியவன் தானே கொலைகாரனாவான். பிற்கால ரபீக்கள் இவ்வேலிகளை மேலும் உயர்த்தினர். மரண தண்டனை வழக்கில் குற்றவாளியின் சொந்த வாக்குமூலத்தை அவர்கள் சான்றாகக் கொள்ளவில்லை. 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருவனைக் கொல்லும் ஆலோசனைச் சங்கம் கொடியது என்னும் கருத்தும், 70 ஆண்டுகளுக்கு ஒருமுறையாயினும் கொடியதே என்னும் கருத்தும் மிஷ்னாவில் பதிவாகியுள்ளன. வாக்குமூலங்களைப் பெரிதும் சார்ந்து 26 பேருக்கு மரணம் விதித்த தீர்ப்பை இவ்வேலிகளின் அருகே வைத்துப் பார்ப்பது தகும்.

கண்ணுக்குக் கண் என்னும் விதியோ பழிவாங்கலைத் தூண்டுவதற்கு எழுந்ததன்று. ஒரு காயத்திற்கு எழுபத்தேழு மடங்கு பழி கேட்ட லாமேக்கின் வெறியை அது ஓர் அளவிற்குள் அடக்கியது. நம் ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் அவ்வளவையும் கடந்து, தீமைக்குத் தீமையால் எதிர்நில்லாத நெறியைக் காட்டினார் (மத். 5:38-39).

புதிய ஏற்பாட்டில் ஆதரிப்போரின் பெருஞ்சான்று ரோமர் 13:4. அதிகாரி பட்டயத்தை வீணாகப் பிடிக்கவில்லை என்று பவுல் கூறுகிறார். பவுலே தாம் மரணத்திற்குரிய குற்றம் செய்திருந்தால் சாகத் தயங்கேன் என்றதும் உண்டு (அப். 25:11). தீமையைத் தடுத்து ஒழுங்கைக் காக்கும் கடமை அரசுக்கு உண்டென்பதை இவை ஐயமறக் காட்டுகின்றன. ஆனால் அப்பகுதியின் முன்னும் பின்னும் நோக்க வேண்டும். பழிவாங்குதலைக் கடவுளிடம் விட்டுவிடச் சொன்ன உடனேயே இப்பகுதி வருகிறது (ரோமர் 12:19). வரி செலுத்துவதைப் பற்றி அது தொடர்கிறது. அன்பே நியாயப்பிரமாணத்தின் நிறைவேற்றம் என முடிகிறது. பட்டயம் அரசின் அதிகாரத்திற்கு அடையாளம். அதனை எவ்வெவ்வாறு பயன்படுத்தலாம் என்பதற்கு இவ்வசனம் ஒரு சட்டத்தொகுப்பாக எழுதப்படவில்லை. இதை எழுதிய பவுல், ஸ்தேவானின் கொலைக்கு உடன்பட்டு நின்ற சவுல் என்பதையும் நினைவில் கொள்ளல் வேண்டும். அன்று அவருக்கு உரிய தண்டனை மரணமே என்று எவரேனும் தீர்ப்பளித்து நிறைவேற்றியிருந்தால், ரோமர் நிருபமே நமக்கு இல்லை.

எல்லாவற்றிற்கும் மேலாக, நம் விசுவாசத்தின் நடுவில் நிற்பது ஒரு மரண தண்டனை. விசாரணை, பொய்ச்சாட்சி, கூட்டத்தின் கூக்குரல், ஆளுநரின் தயக்கம், கருணை காட்டும் வழக்கம் ஆகிய அனைத்தும் அதில் உள்ளன. பண்டிகைதோறும் ஒருவனை விடுவிக்கும் உரிமை பிலாத்துவுக்கு இருந்தது. கூட்டம் கேட்டது பரபாசை. சட்டம் தன் முழு முறைமையோடும் பிழை செய்யக்கூடும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை. அங்கே தூக்கப்பட்ட குற்றவாளிகளுள் ஒருவன் தன் தண்டனை நியாயமானதென்று ஒப்புக்கொண்டவன். அவனுக்கும் ஆண்டவர் தம் ராஜ்யத்தின் வாசலைத் திறந்தார். குற்றமற்றவர்க்காக மட்டும் பேசும் இரக்கம் சிலுவையின் இரக்கமாகாது.

4. திருச்சபை மரபு

திருச்சபை இவ்வினாவில் என்றும் ஒரே குரலில் பேசியதில்லை. தொடக்க நூற்றாண்டுகளில் லக்தாந்தியு போன்றோர் கிறிஸ்தவன் எவ்வகைக் கொலையிலும் பங்குகொள்ளலாகாது என்றனர். அகுஸ்தீன் அரசின் தண்டிக்கும் உரிமையை ஏற்றார். எனினும் தம் சபையின் குரு ஒருவரைக் கொன்றவர்கள் பிடிபட்டபோது, அவர்களைக் கொல்லவேண்டா என அதிகாரி மர்செல்லினுவுக்கு எழுதி மன்றாடினார். சீர்திருத்தச் சபைகள் அரசின் பட்டயத்தை உறுதியாக ஏற்றன. 1553-இல் ஜெனீவாவில் சர்வேத்து தம் கொள்கைக்காக எரிக்கப்பட்டது நம் மரபின் நீங்காத கறை.

நம் தமிழ்ச் சபைகள் இம்மரபுகளின் வழிவந்தவை. ஆங்கிலிக்கன் சபையின் 39 கொள்கைகளுள் 37-ஆவது, கொடிய குற்றங்களுக்கு அரசு மரணம் விதிக்கலாம் என்கிறது. காஞ்சிபுரத்திற்கு வந்த ஸ்காட்லாந்து அருட்பணியாளரின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும் 23-ஆம் அதிகாரத்தில் ஆட்சியாளரின் பட்டயத்தை ஏற்கிறது. ஆதலின் மூத்த சபையார் மரண தண்டனையை ஆதரிப்பது வியப்பன்று. ஆனால் சபையின் சிந்தனை அங்கேயே நின்றுவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டில் கார்ல் பார்ட், கிறிஸ்து எல்லோருடைய தீர்ப்பையும் சுமந்தபின் இத்தண்டனைக்கு அமைதிக்கால அரசில் இடமில்லை என வாதிட்டார். 1990-இல் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் மத்தியக் குழு மரண தண்டனையை நிபந்தனையின்றி எதிர்த்தது. கத்தோலிக்கத் திருச்சபையும் 2018-இல் தன் மறைக்கல்வி நூலைத் திருத்தி, இத்தண்டனை ஏற்கத்தகாதது என அறிவித்தது.

5. ஆதரிப்போரின் வாதங்கள்

மரண தண்டனை அச்சத்தை உண்டாக்கிக் கொலைகளைக் குறைக்கும் என்பது முதல் வாதம். ஸ்ரீபெரும்புதூரே இதற்கு விடை கூறுகிறது. உடலில் வெடிகுண்டைக் கட்டி வந்தவளைத் தூக்குக்கயிறு எவ்வாறு அச்சுறுத்தும்? ஏனைய கொலைகளைப் பொறுத்தவரையிலும், ஆயுள் தண்டனையினும் மரண தண்டனை மிகுதியாகத் தடுக்கிறது என்பதற்குச் சான்றில்லை என்றே 2015-இல் சட்ட ஆணையம் கூறியது.

கொடியோரை ஒறுப்பது அரசனின் அறம் என்பது இரண்டாம் வாதம். திருக்குறளின் செங்கோன்மை அதிகாரமும் கொலையில் கொடியாரை ஒறுப்பதைப் பயிர்க்குக் களையெடுத்தலோடு ஒப்பிடுகிறது. நம் மண்ணின் மதிப்பிற்குரிய இக்குரலோடு வேறு குரல்களும் உண்டு. ஆராயாது விதித்த கொலைத்தண்டனை ஓர் அரசையே அழித்த வரலாறு சிலப்பதிகாரம். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கும்படி சோழ மன்னனிடம் கேட்டவள் மணிமேகலை. அவள் இறுதியில் தவம் பூண்டு நின்ற நகர் காஞ்சி. களை எது, பயிர் எது என்று காண்பதில் மனிதர் தவறுவர் என்பதாலேயே, ஆண்டவரும் உவமையில் இரண்டையும் அறுவடைமட்டும் வளரவிடச் சொன்னார் (மத். 13:29-30).

நோயுற்ற எசேக்கியா அரசன் தன் உயிரைத் தறியிலிருந்து அறுத்தெடுக்கப்படும் துணிக்கு ஒப்பிட்டான் (ஏசா. 38:12). பட்டு நெய்வோர் இதன் பொருளை நன்கறிவர். பாவில் ஓர் இழை அறுந்தால் முடிந்துகொள்ளலாம்; ஊடையில் பிழை நேர்ந்தால் பிரித்துச் சரிசெய்யலாம். தறியிலிருந்து அறுத்தபின் திருத்த வழியில்லை. சிறைத்தண்டனையில் நேர்ந்த பிழைக்கு ஓரளவேனும் பரிகாரம் உண்டு. தூக்கில் நேர்ந்த பிழைக்கு இல்லை.

இத்தண்டனை யார்மேல் விழுகிறது என்பதும் கேட்கத்தக்கது. தில்லியிலுள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மரண தண்டனை பெற்ற கைதிகளுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் பொருளாதாரத்தில் நலிந்தோர். திறமையான வழக்கறிஞரை அமர்த்த இயலாதவனே தூக்குமேடைக்கு அருகில் நிற்கிறான்.

6. நமக்கு வேண்டியவரும் வேண்டாதவரும்

செங்கொடியின் மரணத்தைத் தியாகம் எனப் போற்றினோர் பலர். அவருடைய இரக்கத்தின் ஆழத்தை நாம் இகழ ஒண்ணாது. ஆயினும் அச்செயலைப் போற்றவும் முன்மாதிரியாகக் காட்டவும் திருச்சபையால் இயலாது. மூவரின் உயிர் கடவுளுடையது என்றால், செங்கொடியின் உயிரும் கடவுளுடையதே. ஒரு மரணத்தால் நீதி பிறக்கும் என்னும் நம்பிக்கை தூக்குமேடையின் அடியில் உள்ளது. அந்நம்பிக்கையின் நிழலே தீக்குளிப்பின் மேலும் விழுகிறது. நம் இளைஞர் உயிரோடிருந்து போராட வேண்டும் என்று அன்றே சபைகள் கூறியிருக்க வேண்டும். நாம் வாய் திறந்து பேசியிருந்தால், தம் உடலையே மொழியாக்க வேண்டிய தனிமை ஒருவேளை அவருக்கு நேர்ந்திராது.

இன்னொன்றும் கூறல் வேண்டும். 2011-இல் தமிழகம் எழுந்து நின்றதற்கு, அம்மூவரும் நம்மவர் என்னும் உணர்வு பெருங்காரணம். அவ்வுணர்வு இயல்பானதே. ஆனால் அதனை மட்டும் அடிப்படையாகக் கொண்ட எதிர்ப்பு, வேறொரு வழக்கில் எளிதில் உடைந்துபோகும்.

2017-இல் சென்னைப் புறநகரான முகலிவாக்கத்தில் ஒரு சிறுமி கொடுமையாகக் கொல்லப்பட்டாள். தமிழகமே கொதித்தது. பிடிபட்ட இளைஞருக்குச் செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் மரண தண்டனை விதித்தது. அதே ஆண்டு ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. அத்தீர்ப்புகளை வரவேற்றோர் மிகப் பலர். அவர் உயிருக்காகச் சட்டமன்றத்தில் தீர்மானம் எதுவும் எழவில்லை. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், குற்றம் ஐயமற மெய்ப்பிக்கப்படவில்லை என்றும், தக்க சட்ட உதவியோடு எதிர்வழக்காடும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை என்றும் கூறி அவரை விடுதலை செய்தது.

இத்தீர்ப்பு நம்மை மகிழ்விப்பதன்று. அச்சிறுமியின் பெற்றோருக்கு நீதி கிடைக்கவில்லை. விசாரணையைச் சரிவர நடத்தாத அமைப்பு அவர்களுக்கும் அநீதி இழைத்துவிட்டது. ஆயினும் நம் கொள்கை சோதிக்கப்படும் இடம் இதுவே. எவரும் பரிந்து பேசாத ஒருவனுக்காகவும் மரணம் வேண்டா என்று சொல்ல நம்மால் இயலுமா? துன்மார்க்கனின் மரணத்தில் தமக்கு விருப்பமில்லை என்று கடவுள் எசேக்கியேல் வழியாகக் கூறியபோது (எசே. 33:11), எந்தத் துன்மார்க்கனுக்கும் விலக்கு வைக்கவில்லை.

7. மன்னிப்பும் பாதிக்கப்பட்டோரும்

மரண தண்டனையை எதிர்ப்போர் கொலையுண்டவர்களை மறக்கின்றனர் என்னும் குற்றச்சாட்டு பெரும்பாலும் உண்மையே. நளினியின் உயிரைக் காக்குமாறு சோனியா காந்தி வேண்டினார். 2008-இல் பிரியங்கா காந்தி வேலூர்ச் சிறையில் நளினியைச் சந்தித்தார். தாமும் தம் சகோதரியும் முற்றிலும் மன்னித்துவிட்டதாக ராகுல் காந்தி 2018-இல் கூறினார். இவை போற்றத்தக்கவை. ஆனால் ஸ்ரீபெரும்புதூரில் உற்றாரை இழந்த வேறு குடும்பங்கள், விடுதலையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றன. அவர்களைக் கல்நெஞ்சர் என்று கூற நமக்கு உரிமையில்லை. மன்னிப்பு காயம்பட்டவரின் கொடை; அவருக்குப் பதிலாக அதனைப் பிறர் வழங்க முடியாது, கட்டளையிடவும் முடியாது. அரசு கொல்லாதிருப்பது வேறு; பாதிக்கப்பட்டோர் மன்னிப்பது வேறு. முன்னதை இன்றே சட்டத்தால் செய்யலாம். பின்னதற்கு அருளும் காலமும் உடனிருப்பாரும் வேண்டும்.

அண்டை நாடான இலங்கையின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. அங்கு மரண தண்டனையை நிறுத்தி வைத்த அரசின் பிரதமர் பண்டாரநாயக்கா, 1959 செப்டம்பரில் சோமராம என்னும் துறவியால் சுடப்பட்டு இறந்தார். சாகுமுன் அவர், தம்மைச் சுட்டவனிடம் இரக்கம் காட்டும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் இறந்தபின் மரண தண்டனை மீண்டும் கொண்டுவரப்பட்டது. 1962-இல் சோமராம தூக்கிலிடப்பட்டார். அதற்குமுன் அவர் சிறையில் திருமுழுக்குப் பெற்றார். திருச்சபை தன் உறுப்பினனாக ஏற்ற ஒருவனை அரசு தூக்கிற்கு அழைத்துச் சென்றது. 1976-க்குப் பின் அந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை என்பது ஓர் ஆறுதல்.

தீர்ப்பளித்தோரின் உள்ளமும் மாறக்கூடும். மூவரின் மரண தண்டனையை உறுதிசெய்த அமர்வில் தலைமை வகித்த நீதிபதி கே. டி. தாமஸ், இத்தனை ஆண்டுச் சிறைவாசத்திற்குப் பின் அவர்களைத் தூக்கிலிடுவது ஒரே குற்றத்திற்கு இருமுறை தண்டிப்பதாகும் என்று 2013-இல் கூறினார். 2017-இல் பெருந்தன்மை காட்டும்படி சோனியா காந்திக்குக் கடிதமும் எழுதினார். நீதிபதிக்கு மறுசிந்தனைக்குக் காலம் கிடைத்தது, கைதிகள் உயிரோடிருந்தமையால் அன்றோ?

8. நம் கடமை

இவ்வாராய்ச்சி நம்மைச் சில கடமைகளுக்குக் கொண்டுவருகிறது. முதலாவது, மரண தண்டனையைப் பற்றிய போதனை சபைகளில் நடைபெற வேண்டும். ஆதியாகமம் 9, ரோமர் 13 ஆகியவற்றைத் தனித்தனியே பிடித்துக்கொள்ளாமல் சிலுவையின் ஒளியில் படிக்கும் பழக்கம் வேதபாட வகுப்புகளிலேயே தொடங்குதல் நன்று. இரண்டாவது, சிறை ஊழியம் பண்டிகைக் காலத்தில் இனிப்பு வழங்குவதோடு முடிதலாகாது. வழக்கறிஞரில்லாத ஏழைக் கைதிகளுக்கு முதல் விசாரணையிலேயே சட்ட உதவி கிடைக்கச் செய்வது ஊழியத்தின் பகுதியே; மேல்முறையீட்டில் வெளிப்படும் பல பிழைகள் அங்கே தோன்றுபவை.

மூன்றாவதும் நாம் மிகவும் தவறவிட்டதுமான கடமை, கொலையுண்டோர் குடும்பங்களுடன் நிற்பது. தீர்ப்பு நாள் வரை செய்தியாளர்கள் அவர்களைத் தேடி வருவர். மறுநாள் முதல் எவரும் வருவதில்லை. அன்று முதல் அவ்வீட்டிற்குச் செல்லும் சபையே, கொலைசெய்தவனையும் கொல்லவேண்டா என்று பேசத் தகுதி பெற்ற சபை. ஒரு வீட்டிற்கும் செல்லாமல் இரக்கத்தைப் பற்றி அறிக்கை வெளியிடுவது ஒலிக்கிற வெண்கலமாகும்.

நான்காவது, ஞாயிறு ஆராதனையில் அதிகாரிகளுக்காக மன்றாடும்போது, தீர்ப்பு எழுதும் நீதிபதிகளையும், கருணை மனுக்களைக் கையில் கொண்டிருப்போரையும், சிறைக் காவலரையும், தூக்கை எதிர்நோக்கியிருப்போரையும் நினைத்தல் வேண்டும். அரசு செய்வதை நம் அனைவரின் பெயராலும் செய்கிறது. சாட்சிகளின் கை முதலில் ஓங்க வேண்டுமென்ற பழைய விதியின் பொருள் இதுவே: ஒரு மனிதனைக் கொல்லச் சம்மதிப்பவன் அதற்குத் தானும் கையுடையவன் என்பதை அறிய வேண்டும். அதனை அறிந்தபின் நம்மால் சம்மதிக்க இயலாது. நமக்கு அருமையானவனுக்கும் நாம் அருவருக்கிறவனுக்கும் இவ்விடையே பொருந்தும். ஏனெனில் நாம் இரு திறத்தாரும் ஒரே இரக்கத்தினால் உயிரோடிருக்கிறோம்.